பெண் பார்க்க வந்த தண்ணீர்

மேடையில் எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வலது பக்கம் பூந்தமல்லி சிராஜுதீன், இடது பக்கம் பட்டாபிராம் கலைவாணி, நடுவில் நான். கழுத்தில் போட்டிருந்த சந்தன மாலையின் தூள் மூக்கில் ஏறி எனக்குத் தும்மல் முட்டிக்கொண்டு நின்றது. தங்க மெடல் வாங்குகிற நேரத்தில் தும்மக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சிறப்பு விருந்தினருக்கு அன்றைக்கு ஏதோ உற்சாகம். எழுதி வந்த பேச்சை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மைக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்.

“சுற்றுச்சூழல் அறிவியல்னு புதுசா ஒரு படிப்பு. அதுல முதல் மூணு இடம் வாங்கின பிள்ளைங்க இவங்க. அடுத்து என்ன செய்யப் போறீங்கன்னு உங்க வாயாலேயே சொல்லுங்க.”

“சவுதி போறேன் சார், மாமா இருக்காரு” என்றான் சிராஜுதீன். கைதட்டினார்கள்.

“பேங்க் எக்ஸாம் எழுதப் போறேன்” என்றாள் கலைவாணி. அதைவிடப் பெரிதாகக் கைதட்டினார்கள்.

மைக் என்னிடம் வந்தது. “ஃபேக்டரிக் கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ற வேலைக்குப் போகப் போறேன் சார்” என்றேன்.

ஒரு கைகூடத் தட்டவில்லை. மூன்றாவது வரிசையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு என் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஆள் அவர் காதோரம் குனிந்து ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பா சொன்னார். “ஏன் சார், பொண்ணைச் சாக்கடை வேலைக்கா அனுப்பப் போறீங்க?”

அடக்கி வைத்திருந்த தும்மலும் மேடையில் அந்த நேரம் பார்த்துத்தான் வந்தது. மைக்கிலேயே தும்மினேன். அதற்குச் சபை சிரித்தது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் துறையின் ஆய்வுக்கூடத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அயனாவரத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “தங்க மெடல் வாங்கிய பெண்ணுக்கு அந்தக் காலத்தில் நல்ல நல்ல வரன்களாக வந்திருக்குமே?” வந்தது அம்மா, ஒரு வரன். கையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தது.

அது என்ன படிப்பு?

எங்கள் வீடு ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர்களின் குவார்ட்டர்ஸில். அப்பாவின் ஊர் திருநெல்வேலிப் பக்கம். பக்கத்து வீடு சேலம், எதிர்வீடு கும்பகோணம். மூன்று வீட்டுச் சாம்பாரும் மூன்று வாசனையில் கொதிக்கும். மூன்று வீட்டுக்காரிகளும் மற்ற இரண்டும் சாம்பாரே இல்லை என்பார்கள்.

என் படிப்பின் பெயர் அந்த வரிசையில் ஒருத்தர் வாயிலும் ஒழுங்காக நுழையவில்லை. ‘என்விரான்மெண்ட்’ என்று நான் சொன்னால் அவர்கள் காதில் ‘எம்ப்ளாய்மெண்ட்’ என்றுதான் விழும். சேலத்து மாமி ஒருநாள் என் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். “உங்க பொண்ணு எம்ப்ளாய்மெண்ட்டே படிக்குதாமே. அப்ப படிப்பு முடிஞ்சதும் வேலைய கையோட குடுத்துருவாங்களா?”

அம்மாவும் கொஞ்சம் பெருமையாக, “குடுப்பாவன்னுதான் நெனைக்கேன்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நிஜமான வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கதையே வேறு. அங்கிருந்த அம்மாள் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தத் தலைப்பில் என்னைப் பதிவு செய்வதென்று அவருக்குப் புரியவில்லை. “செடி கொடி எல்லாம் படிச்சிருக்கியா?” என்று கேட்டார். கொஞ்சம் படித்திருக்கிறேன் என்றேன். “அப்ப தாவரவியல்ல போட்டுடறேன், போ” என்று முடித்துவிட்டார்.

இந்தப் படிப்புக்கு நான் வந்ததற்குக் காரணம் ரயில்தான். அதற்கு முன் பி.எஸ்ஸி. படிக்க ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் போகும்போது, அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி ஒரு கால்வாய் தெரியும். ஒருநாள் அது பச்சையாக ஓடும், ஒருநாள் சிவப்பு, ஒருநாள் நுரை பொங்கும். நானும் கலைவாணியும் ஜன்னலோரம் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன கலர் என்று பந்தயம் கட்டுவோம். தோற்றவள் முறுக்கு வாங்கித் தர வேண்டும். நிறைய முறுக்கு தின்ற பிறகுதான், யார் இதை விடுகிறார்கள், ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை என்று எனக்கு உறைத்தது. கலைவாணிக்கு உறைக்கவில்லை. அவள் புத்திசாலி, பேங்குக்குப் போனாள்.

பாஸ், ரீவொர்க், ரிஜெக்ட்

அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவு. மற்றவர்கள் செய்து அனுப்பும் பாகங்களை அளந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற வேலை. தேறினால் பாஸ். கொஞ்சம் சரிசெய்தால் தேறும் என்றால் ரீவொர்க். ஒன்றுக்கும் ஆகாதென்றால் ரிஜெக்ட்.

அந்த மூன்று வார்த்தைகளும் சட்டையில் ஒட்டிய எண்ணெய்க் கறையோடு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டன. இட்லியை விரலால் அழுத்திப் பார்த்து “பாஸ்” என்பார். ரசம் நீர்த்திருந்தால் “ரீவொர்க்”. தம்பியின் கணக்குப் பரீட்சைத் தாளைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன வார்த்தையை நான் எழுத வேண்டியதில்லை.

மெடல் வாங்கிய அன்று இரவு சாப்பாட்டின்போது, என் வேலைத் திட்டத்துக்கும் தீர்ப்பு வந்தது.

“ஏம்மா, அத்தன பேர் முன்னால கழிவுத் தண்ணின்னுதான் சொல்லணுமா? வேற மாதிரி சொல்லக் கூடாதா?”

“அதானப்பா வேலை. வேற எப்படிச் சொல்றது?”

அவர் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டார். “சரி. தை பொறக்க வரைக்கும் பாரு. நீ சொன்ன வேலை கிடைச்சா போ, நான் குறுக்க நிக்க மாட்டேன். கிடைக்கலன்னா நான் பாக்குத மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டணும். இதுதான் பேச்சு.”

ஒத்துக்கொண்டேன். மெடல் இருக்கிறது, வேலை ஓடி வரும் என்கிற தைரியம். ஆடி, ஆவணி, புரட்டாசி எல்லாம் போயின. வேலை ஓடியும் வரவில்லை, நடந்தும் வரவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர், எண்ணெய் எல்லாம் பரிசோதிக்கிற தனியார் லேப் ஒன்று இருந்தது. அதன் முதலாளி மேத்யூ சார் நல்ல மனிதர். நான் போன மூன்று முறையும் டீ வாங்கிக் கொடுத்து ஒரே பதிலைச் சொன்னார். “உன் மார்க்கெல்லாம் பிரமாதம்மா. ஆனா கழிவுத் தண்ணியை டெஸ்ட் பண்ணித் தாங்கன்னு தானா எந்தக் கம்பெனிக்காரன் வர்றான்? ஆர்டர் வந்தா உன்னைத்தான் கூப்பிடுவேன்.”

தீபாவளியும் போயிற்று. அம்மா பாத்திரக் கடையில் விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

முலாம்

கார்த்திகையில் வந்தது அந்த வரன். கள்ளிக்குப்பத்தில் சொந்த வீடு, வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட், எலக்ட்ரோபிளேட்டிங் தொழில். சைக்கிள் ஹேண்டில்பார், ஸ்டூல் கால் போன்ற இரும்புச் சாமான்களுக்குக் குரோமிய முலாம் பூசிப் பளபளவென்று ஆக்கித் தருவார்கள். முதலாளி பெயர் ஏகாம்பரம். பூர்வீகம் எங்கள் பக்கம்தான் என்றாலும், இரண்டு தலைமுறைக்கு முன்பே வந்து மெட்ராஸ் பாஷையில் கரைந்துபோன குடும்பம். ஒரே பையன் மனோகர், டிப்ளமோ படித்துவிட்டு அப்பாவோடு ஷெட்டில் நிற்கிறார்.

அவர்களே தேடி வந்து கேட்டார்கள் என்பதில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் முறைப்படி நடந்தது. மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி சொஜ்ஜியை ஸ்பூனில் சாப்பிட்டார். பஜ்ஜியைத் தொடவேயில்லை. அம்மா சமையலறையில் என் காதில், “நாகரிகமான பையன்ட்டி” என்றாள்.

அப்பா என் மெடலைத் துடைத்துத் தட்டில் வைத்து நீட்டினார். ஏகாம்பரம் அதை எடுத்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார்.

“பித்தள மேல முலாம்” என்றார். “ஆனா நல்ல கனமா வுட்டுகீறான். எவன் போட்டான்னு தெரில, வேல தெரிஞ்சவன்தான்.”

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வருஷம் முட்டி மோதி வாங்கின மெடலை ஒரு நிமிஷத்தில் உரித்துக் கையில் கொடுத்துவிட்டார் மனுஷர்.

எதிர்வீட்டு மாமி, பெண்ணை ஒரு பாட்டுப் பாடச் சொல்லலாமே என்று எடுத்துக் கொடுத்தார்.

“பாட்டெல்லாம் வோணாம்” என்றார் ஏகாம்பரம். “நம்மளுக்கு அத வெச்சி இன்னா ஆவப்போவுது? பொண்ணு பொல்யூஷன்தானே படிச்சிகீது? இத்தப் பாத்து சொல்லட்டும்.” மஞ்சள் பைக்குள் கைவிட்டு, ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலை எடுத்துத் தட்டில், வெற்றிலை பாக்குக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே மஞ்சள் நிறத்தில் தண்ணீர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அலமேலு அம்மாள் தவித்துப்போனார். “நல்ல காரியத்துல இது எதுக்குங்க” என்று முனகினார்.

“நீ சும்மா இரு. நம்ம ஷெட்டுத் தண்ணி இது, பாத்துக்கம்மா. இதுல ஒண்ணும் இல்லன்னு ரிப்போர்ட்டு கேட்டு ஆபீஸர்ங்க வந்துகினே கீறாங்க. நீ மருமவளா வந்துட்டா, படிச்ச பொண்ணு, நீயே எழுதி நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடலாம் பாரு. வெளிய ஒரு ஆளப் புடிக்க வோணாம்.”

வரன் ஏன் தேடி வந்தது என்று எல்லாருக்கும் அப்போதுதான் விளங்கிற்று. எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. படித்து முடித்து அத்தனை மாதத்தில் என்னிடம் ஒரு சாம்பிளைக் கொடுத்த முதல் மனிதர் அவர்தான்.

“பாத்துச் சொல்ல முடியாது சார், டெஸ்ட் பண்ணணும். பாட்டில் என்கிட்ட இருக்கட்டும்.”

“சார் இன்னா சாரு. மாமான்னு கூப்புடு” என்றார்.

ஆரத்தி

மறுநாள் பாட்டிலோடு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். பேராசிரியர் நல்ல மனசோடு அனுமதி கொடுத்தார். நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த கலைவாணியும் கூட நின்றாள்.

முலாம் தண்ணீரின் மஞ்சளுக்குக் காரணம் குரோமியம். ரொம்பக் கொஞ்சம் இருந்தாலே, அமிலம் விட்டு அதற்கென்று உள்ள மருந்தை ஊற்றினால் தண்ணீர் ஊதாவாக மாறும். இந்த மஞ்சளுக்கு மை மாதிரி ஊதா வர வேண்டும். ஊற்றினேன். ஒன்றும் வரவில்லை. மருந்து கெட்டுவிட்டதோ என்று புதிதாகக் கரைத்து ஊற்றினேன். அப்போதும் இல்லை.

“உன் மாமனார் உத்தமர்டி” என்றாள் கலைவாணி.

பேய்முழி முழித்துக்கொண்டிருந்தேன். குரோமியம் இல்லையென்றால் இந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? பாட்டிலின் அடியில் ஏதோ தூள் படிந்திருந்தது. வேறொன்றும் தோன்றாமல், கொஞ்சம் தண்ணீரை இன்னொரு சோதனைக் குழாயில் எடுத்து அதில் காஸ்டிக் சோடாக் கரைசலை விட்டேன். ரத்தச் சிவப்பாக மாறியது.

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வருகிற சிவப்பு, ஒவ்வொரு கல்யாணத்திலும் வாசலில் தட்டில் சுற்றி ஊற்றுகிற அதே சிவப்பு. பாட்டிலை முகர்ந்து பார்த்தேன். சமையல் மஞ்சள்தூள் வாசனை.

“ரெண்டு வெத்தலையும் ஒரு கற்பூரமும் போட்டா ஆரத்தி ரெடி” என்று கலைவாணி மேஜையில் சாய்ந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் யார் இதைச் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்பது மட்டும் மண்டையைக் குடைந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விவரம் சொன்னேன். “அப்ப இது அவுக தண்ணியே இல்லையா?” என்றார். இல்லை என்றேன். அவர் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. “சாம்பிளை மாத்திருக்காவ. அப்ப நாமதான் போய் எடுக்கணும். ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் போவம்.”

மூன்று முறை அலசி

ஷெட்டுக்குள் நுழைந்ததும் தொண்டை கரகரத்தது. வரிசையாகத் தொட்டிகள், மேலே கம்பிகளில் தொங்கும் ஹேண்டில்பார்கள். கடைசித் தொட்டியில் முக்கி எடுத்த சாமானைப் பக்கத்தில் உள்ள தண்ணீரில் அலசுவார்கள். அந்த அலசல் தண்ணீர் மஞ்சளாக வழிந்து, திறந்த வாய்க்கால் வழியே பின்னால் இருந்த காலி மனைக்குப் போய்க்கொண்டிருந்தது.

கையுறை போட்டுக்கொண்டு வாய்க்காலோரம் குந்தினேன். பாட்டிலில் தண்ணீரைப் பிடித்தேன், குலுக்கினேன், கொட்டினேன். மறுபடி பிடித்துக் கொட்டினேன்.

“இன்னாம்மா இது, புடிச்சதக் கொட்டிகினே கீற?” என்றார் ஏகாம்பரம்.

“எந்தத் தண்ணிய எடுக்கிறோமோ அதே தண்ணியால மூணு தடவை பாட்டிலை அலசணும் மாமா. அதுக்கப்புறம்தான் சாம்பிள்.”

“பரவால்ல, தொழில் தெரிஞ்ச பொண்ணுதான்” என்று அப்பாவைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

எழுந்திருக்கும்போது கால் வழுக்கி, வாய்க்கால் தண்ணீர் என் பாதத்தில் தெறித்துவிட்டது. அலமேலு அம்மாள் எங்கிருந்தோ ஓடி வந்தார். என் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், குழாயடியில் நிறுத்தி மொண்டு மொண்டு ஊற்றினார்.

“அன்னிக்கு பாட்டில்ல இருந்தத நான்தான் கொட்னேன்” என்றார், நான் கேட்காமலே. “நல்ல தண்ணி ஊத்தி ஒரு சிட்டிக மஞ்சத்தூள் போட்டேன். கலரு ஒண்ணா இருந்தாதான் அவுரு கண்டுக்க மாட்டாரு.”

“நல்ல காரியத்துக்கு அந்தத் தண்ணி வேண்டாம்னா?”

“அவுரு கேட்டா அப்புடித்தான் சொல்லுவேன். நெசம் அது இல்ல. படிச்ச பொண்ணு, நீ அத்தக் கையால தொட்டுப் பாப்ப. அதான் கொட்னேன். எம்புள்ள வெரல பாத்தியா நீ?”

பார்க்கவில்லை என்றேன். அவர் அளவுக்குத் தன் சுண்டுவிரலின் நுனியைக் காட்டினார். “இத்தினி இத்தினி ஓட்டையா புண்ணு. ஆறவே ஆறாது. கையால சோறு துன்னு எவ்ளோ நாளாச்சு அவன்.”

ஸ்பூனில் சொஜ்ஜி சாப்பிட்டதன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குரோமியப் புண். புத்தகத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க் வாங்கியிருக்கிறேன். எதிரே உட்கார்ந்து பஜ்ஜியைத் தொடாத கையைப் பார்க்கத் தெரியவில்லை.

“எம்புள்ளைக்கு ஒரு பொண்ணு வரணும்னு எனுக்கு ஆச இல்லியா? கீது. ஆனா நீ வோணாம் தாயி. உன்னிய இந்தத் தண்ணியில வுட எனுக்கு மனசு இல்ல.”

“நான் வரலன்னா வேற பொண்ணு வருமே அத்தை.”

அவர் சொம்பில் மறுபடி தண்ணீர் மொண்டு என் காலில் ஊற்றினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. குழாயடியில் நின்று, பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வீட்டில், விசும்பி விசும்பி அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தேன். வாய்க்கால் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, பையில் கொண்டு போயிருந்த மருந்தை அங்கேயே ஊற்றிக் காட்டினேன். ஒரே சொட்டில் கருநீலத்துக்குப் பக்கமான ஊதா.

“இது நல்லதா, கெட்டதா?” என்றார் ஏகாம்பரம்.

“கெட்டது மாமா. ரொம்பக் கெட்டது.” என்ன செய்யலாம் என்பதையும் சொன்னேன். தொட்டி கட்டி, மருந்து போட்டு விஷத்தை முறித்து, சுண்ணாம்பு சேர்த்துப் படிய வைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் வெளியே விட வேண்டும். வேலை செய்கிறவர்களுக்குக் கையுறை வேண்டும்.

“அதெல்லாம் அப்பாலிக்கா பாத்துக்கலாம். நீ இப்போதிக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடு. தையில கல்யாணத்த வெச்சிக்கலாம்.”

தை என்றதும் அப்பா என்னைப் பார்த்தார். எங்கள் பேச்சு அவருக்கும் நினைவிருந்தது, எனக்கும் நினைவிருந்தது. வேலை கிடைக்கவில்லை. கெடு நெருங்கிவிட்டது. குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

“எழுத மாட்டேன் மாமா” என்றேன்.

ஏகாம்பரம் அப்பா பக்கம் திரும்பினார். “இன்னா சார் இது? பெரியவரு நீங்களாச்சும் சொல்லுங்க.”

அப்பா வாய்க்காலையும் என் கையிலிருந்த குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். “எம் பொண்ணு பாஸ் போடலன்னா அது பாஸ் இல்ல. நானும் அந்த வேலை பாக்கவன்தான், என்னால வேற சொல்ல முடியாது.”

“அப்ப சரி. எனுக்கு வேற பொண்ணே கெடைக்காதா? பாத்துக்கிறேன்.”

அதுவரை கம்பியில் சாமான்களை மாட்டிக்கொண்டிருந்த மனோகர், தொட்டியோரத்திலிருந்து நகர்ந்து வந்தார். பத்து விரலில் பாதி விரல்களில் துணிக்கட்டு.

“வேற பொண்ணு வோணாம் நைனா” என்றார். “மொதல்ல தொட்டி கட்டு. இந்தக் கைய வெச்சிகினு நான் எவ கழுத்துலயும் தாலி கட்ட மாட்டேன்.”

யாரும் டீ சாப்பிடவில்லை. நாங்கள் கிளம்பிவிட்டோம்.

கெடு

மார்கழி பிறந்தது. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். மாங்காட்டிலிருந்து ஒரு ஜாதகமும் வந்து சாமி படத்தின் அடியில் உட்கார்ந்தது. கொடுத்த வார்த்தையிலிருந்து அப்பா இறங்கவில்லை. நானும் இறங்க முடியாது. கோலம் போடும்போதெல்லாம் தை பிறக்க இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவேன்.

பொங்கலுக்குச் சில நாள் இருக்கும்போது, முனைக் கடைக்காரர் ஆள் அனுப்பி எனக்குப் போன் வந்திருப்பதாகச் சொன்னார். மேத்யூ சார்.

“என்னம்மா மாயம் பண்ணினே? கள்ளிக்குப்பத்துலேர்ந்து ஒரு பையன் வந்து, மாசாமாசம் தண்ணி டெஸ்ட் பண்ணணும்ங்கறான். கூடவே ரெண்டு ஷெட்காரங்களையும் இழுத்துக்கிட்டு வந்திருக்கான். உன் பேரைச் சொல்லி, அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டாத்தான் ஒத்துப்பேன்கறான். நாளைக்கே வந்து சேர்ந்துடு.”

கடையிலிருந்து வீடுவரை ஓடினேன். அப்பாவிடம் சொன்னேன். எழுந்து போய், சாமி படத்தின் அடியில் இருந்த ஜாதகத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்து, திருப்பி அனுப்பிவிடச் சொன்னார். அம்மா வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை எனக்கு டிபன் கட்டியும் வைத்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான்.

லேபில் என் மேஜைமேல் முதல் பாட்டில் காத்திருந்தது. பரிசோதித்தேன், எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வாங்க மனோகரே வந்தார்.

“மூணு தபா அலசிட்டுத்தாங்க புடிச்சேன். கையுறை போட்டுகினு” என்றார். “பாஸா, ஃபெயிலா?”

“ஃபெயில்.”

வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். “நைனா பொலம்பிகினே கீறாரு. அந்தப் பொண்ணு மருமவளா வந்திருந்தா ஃப்ரீயா ஃபெயில் போட்டிருக்கும், இப்ப காசு குடுத்து ஃபெயில் வாங்கினு வரணும்னு.”

நானும் சிரித்துவிட்டேன். தொட்டி என்னவாயிற்று என்று கேட்டேன். பள்ளம் தோண்டியிருக்கிறது, செங்கல் வர வேண்டும் என்றார்.

“அப்ப அடுத்த மாசமும் ஃபெயில்தான் வரும்.”

“வரட்டும்” என்றார். “நீங்க இங்கதானே இருப்பீங்க?”

“இருப்பேன்” என்றேன்.